கண்ணில் வளரும் சதை: தையலா, பசையா, சொந்த இரத்தமா?



வெயிலிலும் தூசியிலும் வருஷக்கணக்காக மலையில் நிற்கிற நமக்கு, மூக்குப் பக்கமிருந்து கருவிழி மேல் சதை ஏறுவதுண்டு. அதை வெறுமனே வெட்டி எடுத்தால் பலருக்குத் திரும்ப வளரும். ஆகவே மேல் இமைக்குள் மறைந்திருக்கும் வெள்ளைவிழிச் சவ்வில் ஒரு துண்டை எடுத்து, வெட்டிய இடத்தில் ஒட்டுப் போடுகிறார்கள்.

ஒட்டை நிறுத்த மூன்று வழி உண்டு. தையல் உறுதியானது, ஆனால் நேரம் எடுக்கும், சில நாள் மண் விழுந்த மாதிரி உறுத்தும், தண்ணி வடியும். மனித இரத்தத்திலிருந்து செய்யும் ஃபைப்ரின் பசையில் நோவு குறைவு, சதை திரும்ப வளர்வதும் குறைவு, விலைதான் கூட. வெட்டிய இடத்தில் கசிகிற சொந்த இரத்தமே உறைந்து பிடிப்பது மூன்றாவது வழி. அதற்குச் செலவில்லை.

ஆனால் ஒன்று. பசையிலும் இரத்தத்திலும் ஒட்டிய துண்டு, முதல் சில நாட்களில் தையலை விட லேசாக நகர்ந்துவிடும். ஒட்டு மாங்கன்றின் கட்டு அசைந்தால் ஒட்டுப் பிடிக்குமா? அதுபோலத்தான். கண்ணைக் கசக்காதீர்கள். "பேர் போயிடுமே" என்று மறுநாளே கூடையைத் தூக்காதீர்கள். எந்த வழி, எத்தனை நாள் ஓய்வு என்று வைத்தியரிடம் முதலிலேயே கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.