விற்க முடியாத இடாப்பு

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில், விடியற்காலையிற் பால் கொண்டுவரும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுப் படலையைத் திறந்து முற்றத்துக்கு வர அவருக்கு அனுமதியுண்டு. அதை நாமே கொடுத்தோம். ஒருநாள் அவர் தொழிலை விட்டுவிடுகிறார். தாம் சென்றுவந்த வீடுகளையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி, யாரோ ஒருவருக்கு விலைக்குக் கொடுத்துவிடுகிறார். மறுநாள் அந்த அந்நியர் படலையைத் திறந்துகொண்டு வந்து, பால்காரரின் குரலிலேயே நம்மை அழைக்கிறார். நாம் கொடுத்த அனுமதியை விற்பதற்குப் பால்காரருக்கு என்ன உரிமை?

இன்று நம் கைபேசிகளிலே இத்தகைய வாணிகம் நடைபெறுகின்றது. இணையத்தளம் ஒன்றைப் பார்க்கும்போது, “அறிவித்தல்களை அனுப்பலாமா?” என்றொரு கேள்வி தோன்றுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். “ஆம்” என்றால், அத்தளத்தை மூடிய பின்னரும் அதன் செய்திகள் தாமாகவே திரையில் வந்து நிற்கும். இதனைப் ‘புஷ் நோட்டிபிகேஷன்’ என்பர். குரோம் உலாவியில் 2015 ஆம் ஆண்டு இவ்வசதி வந்தது. ஐபோனில், முகப்புத் திரையிற் சேர்த்துக்கொண்ட தளங்களுக்கு 2023 ஆம் ஆண்டு கிடைத்தது. இவ்வாறு “ஆம்” என்றவர்களின் இடாப்பு தள உரிமையாளரிடம் சேர்கின்றது. தளத்தை நடத்த இயலாது போகும்போது, அந்த இடாப்பையாவது காசாக்குவோம் என்னும் எண்ணம் சிலருக்கு எழுகின்றது.

அந்த இடாப்பில் இருப்பது யாது? பெரும்பாலும் பெயர் இல்லை. தொலைபேசி இலக்கமும் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு நீண்ட முகவரி உண்டு. உலாவியை ஆக்கிய நிறுவனத்தின் அஞ்சல் நிலையம் போன்றதோர் இடத்தை அது குறிக்கும். செய்தியை மறைமொழியாக்குவதற்கான இரு குறிப்புகளும் உடனிருக்கும். இம்முகவரி ஒரு கருவியின் ஓர் உலாவிக்கும் ஒரு தளத்துக்கும் மட்டுமே உரியது. 2017 ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதிமுறையின்படி, தள உரிமையாளரிடம் ஓர் இரகசியத் திறவுகோலும் இருக்கும். அதனால் ஒப்பமிடப்படாத செய்தியை அஞ்சல் நிலையம் ஏற்காது. ஆகவே, இடாப்பை மட்டும் வாங்குபவர் திறவுகோல் இல்லாத பூட்டுகளையே வாங்குகிறார்.

“திறவுகோலையும் சேர்த்தே தருகிறேன்” என்று விற்பவர் சொல்லக்கூடும். அங்கேதான் ஆபத்துத் தொடங்குகின்றது. இது இரும்பினாற் செய்த சாவியன்று, வெறும் எழுத்துக்கோவை. விற்றவர் ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். இன்னும் பத்துப்பேருக்கும் விற்கலாம். வாங்கியவருக்கு அது தெரியவராது. அஞ்சித் திறவுகோலை மாற்றினாலோ, பழைய இடாப்பு முழுவதும் பயனற்றுப்போகும். மேலும், பதினாயிரம் முகவரிகள் என்று காட்டப்படுபவற்றுள் எத்தனை உயிரோடிருக்கின்றன என்பதும் செய்தி அனுப்பிய பின்னரே தெரியும். கைபேசியை மாற்றியவர்களும் அனுமதியை மீளப் பெற்றவர்களும் அக்கணக்கினுள் அடங்கியிருப்பர். ஏமாற்றும் அறிவித்தல்களை அனுப்பும் தளங்களைக் குரோம் உலாவி 2020 ஆம் ஆண்டு முதல் கட்டுப்படுத்தி வருவதையும் வாங்குபவர் மறத்தலாகாது.

விற்பவருக்கும் நிம்மதியில்லை. வாங்கியவர் அனுப்பும் செய்தியும் பழைய தளத்தின் பெயரிலேயே தோன்றும். ஊர்ச் செய்தியையும் மரண அறிவித்தல்களையும் அறிவதற்காக ஒரு தாய் “ஆம்” என்றிருப்பார். “கனடாவிலிருந்து உங்கள் மகன் அனுப்பிய பொதி சுங்கத்திலே தடைபட்டுள்ளது, இங்கே பணம் கட்டுங்கள்” என்று ஒருநாள் அதே பெயரில் ஒரு செய்தி வருமாயின், அந்தத் தாய் ஐயுறுவாரா? அவர் நம்பியது அந்தப் பெயரையன்றோ? பணத்தை இழப்பவர் அவர். பழி சுமப்பவர் விற்றவர்.

வாடிக்கையாளர் இடாப்புப் பற்றிய ஒரு பழைய வழக்கை ஈண்டு நினைவுகூர்தல் தகும். அமெரிக்காவில் டோய்ஸ்மார்ட் என்னும் விளையாட்டுப்பொருள் நிறுவனம் 2000 ஆம் ஆண்டு முறிவடைந்தது. வாடிக்கையாளரின் விபரங்களை எவருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்களித்திருந்த அந்நிறுவனம், கடன் தீர்க்க அவ்விபரங்களையே விற்க முற்பட்டது. அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. ஈற்றில், டிஸ்னி நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு கம்பெனி 50,000 டொலர் கொடுக்க, 2001 ஆம் ஆண்டு அந்த இடாப்பு அழிக்கப்படுவதென முடிவாயிற்று. வாக்குறுதி மீறப்படாதிருக்க அதுவே வழியாயிற்று.

சட்டங்களும் இத்திசையிலேயே செல்கின்றன. 2018 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாரிய மீறலுக்கு 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு வருவாயின் 4 சதவீதம், இவற்றுள் எது பெரிதோ அதுவரை தண்டம் விதிக்க இடமளிக்கின்றது. இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றிய 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், குறித்த நோக்கத்துக்காகப் பெற்ற தரவை அதற்கு ஒவ்வாத வழியிற் கையாளலாகாது என்னும் கொள்கையை உடையது.

ஆயின், தளத்தைக் கைமாற்ற நேர்ந்தவர் செய்யத்தக்கது யாது? உரிமை மாறுகிறது என்பதை வாசகருக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். விலக விரும்புவோர் விலக வழிவிட வேண்டும். புதிய உரிமையாளர் புதிய திறவுகோலுடன், தம் சொந்தப் பெயரிலே மீண்டும் அனுமதி கேட்க வேண்டும். பதினாயிரம்பேரில் இருநூறுபேரே இசைந்தாலும், அந்த இருநூறே மெய்யான இடாப்பு.

நேயர்களே, உங்கள் உலாவியின் அமைப்புகளுள் ‘அறிவித்தல்கள்’ என்னும் பகுதியை ஒருமுறை திறந்து பாருங்கள். யார் யாருக்கு அனுமதி கொடுத்தீர்கள் என்பது அங்கே வரிசையாக இருக்கும். நினைவில் இல்லாத பெயர் ஏதேனும் காணப்படின் நீக்கிவிடுங்கள். படலை நம்முடையது. அதைத் திறக்கும் உரிமை போலவே, சாத்தும் உரிமையும் நம்முடையதே.