புஸ்ஸென்னும் சொல்

புலவர் அவையில் இடம்பெறாத சொற்கள் சில, மக்கள் நாவில் குறைவின்றி வாழ்கின்றன. 'புஸ்' என்பது அவற்றுள் ஒன்று. கேட்பதற்கு வெறும் ஓசை. ஆயினும் அது உணர்த்தும் பொருள்கள் பல.

புற்றருகே செல்பவனை நாகம் புஸ்ஸென்று சீறி எச்சரிக்கிறது. அங்கே அது சினம். கொதிக்கும் எண்ணெயில் இட்ட பூரி, உள்ளே எழும் நீராவியால் புஸ்ஸென்று உப்புகிறது. அங்கே அது பெருக்கம். துவிச்சக்கர வண்டியின் ரியூப்பில் முள் தைத்ததும் காற்றுப் புஸ்ஸென்று இறங்குகிறது. அங்கே அது மெலிவு. ஊரெங்கும் ஆரவாரமாகப் பேசப்பட்ட காரியம் ஒன்றுமில்லாமற் போனால், 'எல்லாம் புஸ்' என்று கையை விரிக்கிறார்கள். அங்கே அது ஏமாற்றம்.

எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் ஒரே சொல் எவ்வாறு பொருந்தும்? விடை, சொல் பிறக்கும் முறையிலே இருக்கிறது. முதலெழுத்தை ஒலிக்க இதழ்கள் மூடி மூச்சைத் தடுக்கின்றன. இறுதி எழுத்தில் அம்மூச்சு நாவின்மேல் ஒடுங்கிய வழியாகக் கசிகிறது. அடைபட்ட காற்றின் கதையை வாய் நடித்துக் காட்டுகிறது. அக்காற்று நிறைந்ததா, நீங்கியதா என்பதைச் சொல் கூறாது, இடமே கூறும்.

இத்தகைய ஒலிக்குறிப்புகள் இழிந்தவை அல்ல. 'என' என்னும் இடைச்சொல் இசையோடும் குறிப்போடும் சேர்ந்து வருவதைத் தொல்காப்பியம் இடையியலிலே கூறுகிறது. திருவள்ளுவரும் காலமறிதல் அதிகாரத்தில் 'பொள்ளென' என்று ஆண்டுள்ளார். 'புஸ்ஸென' என்பது அக்குடும்பத்தின் இளைய பிள்ளை.

ஆனால் ஒரு வழக்கு மட்டும் சிந்திக்கத் தக்கது. ஒருவரது முயற்சி தோற்றால், அது 'புஸ்வாணமாயிற்று' என்கிறார்கள். தீபாவளி இரவில் மண்கூம்பிலிருந்து பொறிகளைப் பூமாரியாகச் சொரியும் வாணம் அது. வெடியோசையை எதிர்பார்த்த காதுக்குத்தான் அது ஏமாற்றம். வெடிப்பதற்காக அது செய்யப்படவில்லை. ஒளி தருவதற்கே செய்யப்பட்டது.

பரீட்சையில் தவறிய மாணவனும், கடை நொடித்த வணிகனும் சிறிது காலமேனும் முயன்று பார்த்தவர்களே. அவர்களை நோக்கி 'புஸ்' என்று சொல்வது எளிது. மூச்சுச் செலவும் சிறிது. எனினும் மனிதனின் ஊக்கமும் ரியூப்பில் அடைத்த காற்றைப் போன்றதே. அது இறங்குவதற்கு ஒரு சிறு முள் போதும்.