மீனவரைப் பற்றிப் பேசியவருக்கு என்ன பதில்?



ஒரு நாடகத்தைப் பற்றிச் சக மாணவர் வகுப்பில் பேசி முடித்ததும் நாம் சொல்லும் கருத்து சின்ன விஷயமல்ல. அடுத்த முறை அவர் வாய் திறப்பாரா என்பதையே அது முடிவு செய்துவிடும்.

காளிதாசரின் சாகுந்தலத்தை எடுத்துக்கொள்வோம். 1789இல் வில்லியம் ஜோன்ஸ் ஆங்கிலத்தில் தந்தது முதல் உலகம் கொண்டாடும் காதல் நாடகம். தமிழில் மறைமலையடிகள் மொழிபெயர்த்தார். அதன் ஆறாம் அங்கத் தொடக்கத்தில் ஒரு மீனவரைக் கைகளைக் கட்டி இழுத்து வருகிறார்கள். மீன் வயிற்றில் அரசனின் மோதிரம் கிடைத்ததுதான் அவர் குற்றம். காவலர்கள் அடிக்கிறார்கள், அவர் தொழிலைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். அவரைக் கொலைக்களத்துக்கு அனுப்ப ஒரு காவலனுக்குக் கை துடிக்கிறது. அரசன் பரிசு அனுப்பியதும், அதில் பாதியைக் காவலர்களுக்கே கொடுத்துவிட்டு அவர்களோடு கள்ளுக்கடைக்குப் போகிறார். பிறகு நாடகத்தில் அவர் இல்லை. அரசனுக்கு நினைவு திரும்பியதோ அவர் பிடித்த மீனால்.

ஒரு தலித் மாணவர் இந்தக் காட்சியை மையமாக வைத்துப் பேசினால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். "எதிலும் சாதிதானா?" என்பது ஒன்று. "அருமை, துணிச்சலான பார்வை" என்று கைதட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவது மற்றொன்று. முதலாவது அவமதிப்பு என்று உடனே தெரிகிறது. இரண்டாவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டிலும் பேசியவரைப் பார்க்கிறார்கள். அவர் பேசியதை யாரும் பார்ப்பதில்லை.

உருப்படியான கருத்து நாடகத்துக்குள் போகும். "நாடகம் மீனவர் பக்கம் நிற்கிறது என்றாய். பிறப்போடு வந்த தொழிலை விடக்கூடாது என்று அவரே சொல்கிறாரே, அதை என்ன செய்வாய்?" இப்படிக் கேட்டால் அவர் மறுபடி அந்தப் பக்கத்தைப் புரட்டுவார். அதே பேச்சில், வேள்வியில் விலங்கைக் கொல்லும் அந்தணரை மீனவர் உதாரணம் காட்டுவது கண்ணில் படும். அது பணிவா, குத்தலா? வாசிப்பு அங்கேதான் கூர்மையாகிறது.

நமக்கும் இதே அளவுகோல்தான். சகுந்தலையின் துயரத்தை மட்டும் பேசியவரிடம் "உனக்கெல்லாம் இது புரியாது" என்றால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். "மோதிரம் யார் கையில் கிடைத்தது? அவரை ஏன் விட்டுவிட்டாய்?" என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

சக மாணவரைச் சமமாக மதிப்பவர் அவரைக் கடினமான கேள்வி கேட்கத் தயங்கமாட்டார். வரியைக் காட்டிக் கேட்பதும், கேட்டால் வரியைக் காட்டுவதும் நமக்குள் பழக்கமாகட்டும்.