கந்தல் துணியும் கைவேலையும்

(பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பொன்விழா என்றால் பட்டும் பளபளப்பும் நினைவுக்கு வரும். கோவிலுக்கு வெள்ளையடித்தாயிற்று. கொடிமரத்துக்கு வர்ணம் பூசியாயிற்று. வீட்டுக்கு வீடு புதுத்துணி எடுத்தாயிற்று. இந்த நல்ல நாளில் கந்தல் துணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறாளே என்று சிலர் எண்ணலாம். ஆனால் புதுத்துணி வீட்டுக்குள் நுழையும் நாளில்தான் பழந்துணி வெளியே போகிறது. அது எங்கே போகிறது, எப்படிப் போகிறது என்பதைச் சற்றே சிந்திப்போம்.

முதலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி, ஏழைகளுக்குக் கொடுப்பதற்காக வீடு வீடாகப் பழைய துணி சேர்த்தோம். மூட்டை மூட்டையாக வந்து குவிந்தது. பிரித்துப் பார்த்தால், பொத்தான் இல்லாத சட்டைகள், கைப்பக்கம் கிழிந்த ரவிக்கைகள், துவைக்காமலே சுருட்டிப் போட்ட போர்வைகள். வாங்க வந்த தாய் ஒருத்தி ஒரு சேலையை எடுத்து விரித்துப் பார்த்தாள். நடுவிலே ஒரு முழத்துக்குக் கிழிசல். அவள் கோபப்படவில்லை. அழகாக மடித்துத் திரும்ப வைத்துவிட்டு, "இதைக் கட்டிக்கிட்டு பூசைக்கு வர முடியாதுங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். அந்தச் சேலை யார் வீட்டிலிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அது என் வீட்டுச் சேலை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. புனித மார்ட்டினை நினைத்துக்கொண்டேன். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தம் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தவர் அவர். அந்தப் பாதி, அவர் அப்போது போர்த்தியிருந்த அங்கியின் பாதி. கழித்துப் போட்டதன் பாதி அல்ல. நானோ, குப்பைக்குப் போகவேண்டியதை ஏழையின் கையில் கொடுத்துவிட்டு, தருமம் செய்தேன் என்று மகிழ்ந்திருந்தேன்.

ஆகவே தாய்மார்களே, நான் வைத்துக்கொண்ட சட்டம் இதுதான். உடுத்தக்கூடிய துணியைத் துவைத்து, பொத்தான் தைத்து, இஸ்திரி போட்டுப் பிறருக்குக் கொடுப்பது. உடுத்த முடியாததை நம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, நம் கையால் வேறொரு பொருளாக்குவது. நல்லது அயலாருக்கு, கந்தல் நமக்கு. இதை மாற்றிச் செய்யக்கூடாது.

கந்தலை வைத்து என்ன செய்வது என்று கேட்பீர்கள். நம் முன்னோர் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். அப்பாவின் பழைய வேட்டிதான் பிள்ளைக்குத் தூளி. பாட்டியின் நூல்சேலைதான் பிறந்த குழந்தையைச் சுற்றும் துணி. பல முறை துவைத்த பருத்தி மெதுமெதுவென்றிருக்கும். பிஞ்சு உடம்பை உறுத்தாது. வேட்டிக் கிழிசல் விளக்குத் திரியாகும். மிஞ்சியது அடுப்படியில் பிடிதுணியாகும். பிறகு பாத்திரக்காரர் தெருவுக்கு வந்தார். பழைய சேலைக்கு எவர்சில்வர் கிண்ணம் கிடைத்தது. துணியைத் தைக்கும் பழக்கம் மெல்ல மெல்ல நம் கையை விட்டுப் போயிற்று.

இப்போது வேலைக்கு வருவோம். முதல் வேலை துணியின் இனம் அறிவது. ஓரத்திலிருந்து நான்கு நூலை உருவி, அகல்விளக்குச் சுடரில் காட்டுங்கள். பருத்தி, காகிதம் எரிவதுபோல் மணந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி உருகி, கெட்டியான மணிபோல் நிற்கும். இந்தச் சோதனையை விளையாட்டாக எண்ணவேண்டாம். பாலியெஸ்டர் துணியில் பிடிதுணி தைத்தால், சூடான சட்டியில் உருகிக் கையோடு ஒட்டிக்கொள்ளும். அது தண்ணீரையும் நன்றாக உறிஞ்சாது. ஆகவே அடுப்படிக்கும் குழந்தைக்கும் பருத்தி. பைக்கும் மிதியடிக்கும் பாலியெஸ்டர்.

இரண்டாவது, கத்தரிக்கோல் வைக்குமுன் பொத்தான், கொக்கி, ஜிப் எல்லாவற்றையும் பிரித்தெடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வையுங்கள். ஏழைக்குக் கொடுக்கும் சட்டைக்குப் பொத்தான் அந்த டப்பாவிலிருந்துதான் வரவேண்டும்.

மூன்றாவது, ஒட்டுப்போடும் முறை. இதற்கு நம் ஆண்டவரே ஆசிரியர். பழைய ஆடையில் கோடித்துணியை ஒட்டுப்போட்டால் கிழிசல் இன்னும் பெரிதாகும் என்று அவர் சொன்னதை மாற்கு நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தையல் தெரிந்தவர்களுக்கு அதன் காரணம் உடனே விளங்கும். கோடித்துணி முதல் சலவையில் சுருங்கும். பழையதோ ஏற்கெனவே சுருங்கி நைந்தது. புதியது இழுக்கப் பழையது கிழிகிறது. ஆண்டவர் புதிய வாழ்வின் பெரிய உண்மையைச் சொல்ல எடுத்துக்கொண்ட உவமை, வீட்டில் ஊசி பிடித்த ஒரு தாயின் அனுபவம். நாசரேத்து வீட்டில் நம் அன்னை ஒட்டுப்போட்டதை அவர் அருகிலிருந்து பார்த்திருப்பார் என்று எண்ணிக்கொள்வது எனக்குப் பிடிக்கும். ஆகவே ஒட்டுத் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே தையுங்கள். பழைய துணிக்குப் பழைய துணியே ஒட்டானால் இன்னும் நல்லது.

இனி மிதியடி. ஒரு பழைய சேலையை நீளவாக்கில் மூன்று விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். மூன்று கீற்றை எடுத்து, பெண்பிள்ளைக்குச் சடை பின்னுவதுபோல் பின்னுங்கள். கீற்று தீர்ந்தால் அடுத்ததை நுனியில் தைத்துச் சேர்க்கவேண்டும். முடிச்சுப் போட்டால் காலை உறுத்தும். பின்னியதை நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி, கெட்டி நூலால் பக்கத்தோடு பக்கம் தைத்து வாருங்கள். மடியில் வைத்துத் தைத்தால் கிண்ணம்போல் குழிந்துவிடும். தரையிலோ மேசையிலோ படிய வைத்து, இழுக்காமல் தைக்கவேண்டும்.

பிள்ளைகளின் பழைய ஜீன்ஸ் கால்சட்டையை எறியாதீர்கள். ஒரு காலை வெட்டி எடுத்தால் அதுவே குழாய்போலிருக்கும். அடியை இரட்டைத் தையலாக மூடி, இடுப்புப் பட்டியைக் கைப்பிடியாக்கினால் அரிசி வாங்கும் பை தயார். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. அந்தப் பையைக் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா?

வரும் டிசம்பரில் குடில் கட்டும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். மலை அமைக்கப் பழைய சாக்கைக் கஞ்சியில் தோய்த்து, கல்லின்மேல் மடிப்பு மடிப்பாகப் போர்த்திக் காயவிடுங்கள். விறைத்து மலைபோலவே நிற்கும். அதன்மேல் வர்ணம் பூசலாம். மறைக்கல்விப் பிள்ளைகளுக்குப் பழைய காலுறையில் கைப்பொம்மைகள் செய்து கொடுத்தால், நல்ல சமாரியன் கதையை அவர்களே நடத்திக் காட்டுவார்கள்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. பீடத்துணி, திருவுடை போன்றவை மந்திரிக்கப்பட்டவை. நைந்துபோனாலும் அவற்றை வீட்டுக் கைவேலைக்கு எடுக்கலாகாது. எரிப்பதோ மண்ணில் புதைப்பதோ திருச்சபையின் வழக்கம். பங்குத்தந்தையைக் கேட்டே செய்யவேண்டும்.

நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தின் வட கன்னடப் பகுதியில் சித்தி என்னும் மக்கள் வாழ்கிறார்கள். இவர்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் இவர்களிடையே உண்டு. இவர்களின் பெண்கள் கிழிந்த துணிகளைத் துண்டு துண்டாகச் சேர்த்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஓடுதையல் போட்டு மெத்தை விரிப்புச் செய்கிறார்கள். கத்தோலிக்கப் பெண்கள் அதிலே சிலுவை உருவத்தை அமைப்பதுண்டு. நான்கு மூலையிலும் மடித்த துணியால் பூப்போலத் தைத்து முடிப்பார்கள். பூ இல்லாத விரிப்பு அவர்களுக்கு நிறைவு பெறாத விரிப்பு. வங்காளத்துக் காந்தா வேலையும் பழைய சேலைகளை அடுக்கித் தைத்ததிலிருந்து பிறந்ததுதான். வறுமை தந்த கந்தலில் கூட மூலைக்கு ஒரு பூ வைத்த அந்தக் கைகளை நான் வணங்குகிறேன்.

நம்மில் பலருக்கு இன்னொரு துன்பமும் உண்டு. தாய் இறந்தபின் அவள் சேலைகளை என்ன செய்வது? கொடுக்கவும் மனம் வராது. பெட்டியைத் திறக்கவும் மனம் வராது. என் தாயின் சேலைகள் இரண்டாண்டுகள் பெட்டியிலேயே கிடந்தன. ஒருநாள் துணிந்து எடுத்தேன். நல்லவற்றை நல்லபடியாகவே கொடுத்தேன். நைந்த நான்கு நூல்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓடுதையல் போட்டு ஒரு விரிப்பாக்கினேன். என் பேரப்பிள்ளை அதிலே குப்புற விழுந்தது, அதிலே தவழ்ந்தது. அந்தப் பிள்ளை காணாத பூட்டியின் மடி அதற்குக் கிடைத்தது.

திருத்தூதர் பணிகள் நூலில், யோப்பா நகரத்துத் தபித்தா இறந்தபோது, கைம்பெண்கள் அழுதுகொண்டே அவள் தைத்துக் கொடுத்த ஆடைகளைப் பேதுருவிடம் காட்டினார்கள் என்று வாசிக்கிறோம். அவளுக்காகப் பேச அந்த ஆடைகளே போதுமாயிருந்தன. நாளை நமக்காக எந்தத் துணி பேசும்? நடுவிலே கிழிந்த அந்தச் சேலையா?

அப்பங்கள் பலுகியபின் மிஞ்சிய துண்டுகளையும் வீணாக்காமல் சேர்க்கச் சொன்னவர் நம் ஆண்டவர். ஒரு பொருளை உடனே எறிந்துவிடாமல் நல்ல நோக்கத்தோடு மறுபடி பயன்படுத்துவதும் அன்புச் செயலாகலாம் என்று திருத்தந்தை பிரான்சிசு 2015ஆம் ஆண்டின் திருமடலில் எழுதினார். இந்தப் பொன்விழா ஆண்டில் மாதம் ஒருநாள், ஞாயிறு பூசைக்குப்பின் ஒருமணி நேரம், ஊசியும் நூலுமாக நாம் கூடுவோம். பிறருக்கான துணிகளை முதலில் செப்பனிடுவோம். பிறகு நம் கந்தலை எடுப்போம். பொத்தான் டப்பாவை நான் கொண்டு வருகிறேன்.

 இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!