பணிச்சுமையும் இரண்டு நாழிகையும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் ஏர்பிடித்து வாழ்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் கணினியின் முன் அமர்ந்திருக்கின்றனர். உழவனுக்கு ஞாயிறு மறைந்தால் வேலை முடிந்தது. பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நோன்புக்கு அவ்வாழ்க்கை கைகொடுத்தது. அமெரிக்க நாட்டின் பகலுக்கு ஏற்பத் தம் இரவை மாற்றிக்கொண்ட பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. ஊரிலிருந்து தாய் தொலைபேசியில் அழைத்து, “இருட்டுவதற்கு முன்னே சாப்பிட்டாயாப்பா?” என்று கேட்கிறாள். அன்பினால் எழும் கேள்விதான். ஆனால், அன்றைய வேலையை முடிக்க இயலாமல் மேலதிகாரியின் கடுஞ்சொல்லைக் கேட்டு வந்தவன் செவியில் அது இரண்டாவது குற்றச்சாட்டாக விழுகிறது. பணிச்சுமையோடு நோன்பு தவறிய குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. பிறகு அவன் அந்தக் கேள்வியையே தவிர்க்கத் தொடங்குகிறான். நாளடைவில் தொலைபேசி அழைப்பையும் தவிர்க்கிறான்.

இச்சுமையை உலக நலவாழ்வு அமைப்பும் சிறிதாக எண்ணவில்லை. வாரத்திற்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்க்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைக் காட்டிலும் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் மிகுதி என்று அவ்வமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கூட்டாக மதிப்பிட்டு வெளியிட்டன.

இதற்கு மருந்தாக இன்று எங்கும் சொல்லப்படுவது யோகா. ஐக்கிய நாடுகள் அவை சூன் 21-ஆம் நாளை யோகா நாளாக அறிவித்த பிறகு, அலுவலகங்களே வகுப்பு நடத்துகின்றன. நல்லதே. எனினும் ‘யோகம்’ என்னும் சொல் சமண நூல்களில் என்ன பொருளில் வழங்குகிறது என்பதை அறிந்தால் இளைஞர்கள் வியப்படைவர். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், மனம் மொழி மெய் ஆகியவற்றின் இயக்கத்தையே யோகம் என்கிறது. அவ்வியக்கமே வினை உயிருள் புகும் வாயில். தமிழ்ச் சமண மரபு அதற்கு ‘ஊற்று’ என்று பெயரிட்டது. அதை அடைப்பது ‘செறிப்பு’. பதினான்கு குணத்தானங்களின் உச்சியில் நிற்பவருக்குப் பெயரே அயோக கேவலி, அதாவது மூவகை இயக்கமும் அடங்கியவர். ஓயாது இயங்கிக்கொண்டே இருக்கும் அலுவலக வாழ்க்கையை இம்மரபின் சொல்லால் குறித்தால், அதுவே மிகையான யோகம்! ‘வீடுபேற்றோடு சேர்ப்பது யோகம்’ என்ற மற்றொரு பொருளும் அரிபத்திரர் முதலியோரால் சமண நூல்களில் இடம்பெற்றது என்பதையும் மறத்தல் ஆகாது. குமாரபால மன்னன் வேண்டுகோளுக்கிணங்க ஏமசந்திரர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் யோக சாத்திரம் இயற்றினார். நாடாளும் சுமை தாங்கிய ஓர் இல்லறத்தானுக்காக எழுந்த நூல் அது. மூச்சை வலிந்து அடக்கும் பிராணாயாமத்தால் மனம் துன்புறுமேயன்றி அமைதி பெறாது என்று அந்நூல் எச்சரிப்பது, இன்றைய விரைவு வகுப்புகளுக்கும் பொருந்தும்.

மன அழுத்தம் என்று இன்று வழங்கும் நிலையைச் சமணம் ‘ஆர்த்தத் தியானம்’ என்று அழைத்தது. தியானம் என்பது நல்லதற்கு மட்டும் உரிய சொல் அன்று. ஒன்றையே சுற்றிச்சுற்றி நினைப்பது எதுவாயினும் தியானமே. விரும்பாதது வந்து சேர்ந்ததே என்று புழுங்குவது, விரும்பியது பிரிந்ததே என்று ஏங்குவது, உடல் வேதனையையே எண்ணிக்கொண்டிருப்பது, இன்னது கிடைக்க வேண்டுமே என்று வருங்காலத்தைப் பற்றிக்கொள்வது என அது நான்கு வகைப்படும். பொருந்தாத மேலாளர், கைநழுவிய பதவி உயர்வு, கழுத்துவலி, அடுத்த ஊதிய உயர்வு! ஒரே நாளில் நான்கும் வந்துபோகும் மேசைகள் உண்டு. முற்றத் துறந்த முனிவருக்கும், ஆறாம் குணத்தானத்தில் இருக்கும்வரை, இறுதி வகை நீங்கலாக ஆர்த்தத் தியானம் எழக்கூடும் என்று உரைகள் கூறுகின்றன. முனிவருக்கே அவ்வாறெனில், வீட்டுக்கடன் கட்டும் இளைஞனை ‘உனக்கு மனவலிமை போதாது’ என்று பெரியோர் இடித்துரைப்பதில் நியாயம் இல்லை.

இல்லறத்தாருக்கு இதற்கென வகுக்கப்பட்ட பயிற்சி சாமாயிகம். அதன் கால அளவு ஒரு முகூர்த்தம். அதாவது இரண்டு நாழிகை, 48 நிமிடம். அவ்வளவு நேரம் கிடைக்காதவர், அதன் உறுப்பாகிய காயோத்சர்க்கத்திலிருந்து தொடங்கலாம். கால்களுக்கிடையே நான்கு விரற்கடை இடைவெளி விட்டு, கைகளை உடலோடு ஒட்டாமல் தொங்கவிட்டு, நிமிர்ந்து நிற்றல். திருமலையில் நேமிநாதரும் சிரவணபெளகொளாவில் பாகுபலியும் நிற்கும் நிலை அதுவே. பஞ்ச நமஸ்கார மந்திரத்தின் முதலடியை மூச்சை உள்ளிழுக்கும்போதும் இரண்டாமடியை வெளிவிடும்போதும் நினைக்க வேண்டும். அடுத்த இரண்டடிகளுக்கு இரண்டாம் மூச்சு. ஐந்தாமடியை இரண்டாகப் பகுத்து மூன்றாம் மூச்சு. இவ்வாறு ஒன்பது முறை நினைத்தால் 27 மூச்சுகள். மூன்று நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும். அலுவலக மாடிப்படியின் ஓரத்திலும் செய்யலாம்; பார்ப்பவர் யாரோ காற்று வாங்குகிறார் என்றே எண்ணுவர்.

காயோத்சர்க்கத்திற்குரிய குற்றங்கள் முப்பத்திரண்டு என முன்னோர் எண்ணி வைத்துள்ளனர். குதிரையைப் போல ஒரு காலைத் தூக்கி நிற்றல், கொடியைப் போல அசைதல், சுவரில் சாய்தல், காக்கையைப் போலக் கடைக்கண்ணால் பார்த்தல், விரலை அசைத்தல், புருவத்தை நெரித்தல் ஆகியன அவற்றுட் சில. படிக்கும்போது நகைப்பு வரும். நின்று பார்த்தால்தான் அவை எவ்வளவு நுட்பமாகக் கண்டறியப்பட்டவை என்பது விளங்கும். புருவம் நெரிவது தெரிந்த கணத்திலேயே அது தளர்கிறது.

அருங்கலச்செப்பு முதலிய சிராவக நூல்கள் கூறும் தேசாவகாசிகம் என்னும் விரதமும் இங்கு நினைக்கத்தக்கது. இன்ன நேரம்வரை இந்த வீட்டை, இந்தத் தெருவைக் கடவேன் என்று எல்லை வகுத்துக்கொள்வது அது. காலால் கடப்பது மட்டுமன்று, எல்லைக்கு வெளியே ஆளனுப்புவதும் குரல் கொடுப்பதும் பொருளை வரவழைப்பதுங்கூட அவ்விரதத்திற்குக் குற்றம் என்று வகுத்துள்ளனர். கைப்பேசி இல்லாத காலத்து விதி, கைப்பேசிக்காகவே எழுதியதுபோல் அமைந்திருக்கிறது. பணி முடிந்தபின் இரண்டு மணி நேரம் இவ்வெல்லையைக் காப்பவர், அலுவலகத்தை அறைக்குள் அழைப்பதில்லை.

இரவுணவுச் சிக்கலுக்கும் வழி உண்டு. துய்ப்பனவற்றைத் துறப்பதில் காலவரையறை உடையதை நியமம் என்றும், வாழ்நாள் முழுமைக்கும் உரியதை யமம் என்றும் சமந்தபத்திரர் பிரித்தார். இரவுப்பணி செய்பவர் விடுமுறை நாள்களுக்கு மட்டும் நியமம் கொள்ளலாம். அந்த இரு நாள்களையும் குடும்பத்தார் மதித்தால், தாயின் கேள்விக்கு மகன் மகிழ்ந்து விடை சொல்வான்.

உறக்கமே வராத நிலைக்கும் நெஞ்சுவலிக்கும் வாழ்வே வேண்டா என்னும் எண்ணத்திற்கும் மருத்துவரை நாடுவதே முறை. காயோத்சர்க்கம் அதனோடு சேர்ந்து நிற்கலாம், அதற்கு மாற்றாகாது.

இவ்வளவும் சுமையைத் தாங்குபவருக்கு. சுமத்துபவர்களும் இச்சமூகத்தில் இருக்கின்றனர். குழுத்தலைவர்களாகவும் மேலாளர்களாகவும் கடை முதலாளிகளாகவும் உயர்ந்தவர்கள் பலர். கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் மீறல்கள் ஐந்து: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். நான்காவதற்கு ‘அதிபாராரோபணம்’ என்று பெயர். வண்டி மாட்டைக் கருதி விளக்கப்பட்ட சொல் என்று அதை ஒதுக்கிவிட இயலாது. மனிதருக்கும் அது பொருந்தும். கிழங்கு வகைகளைத் தொடாதவர், நீரை வடிகட்டிக் குடிப்பவர், இருவர் செய்யவேண்டிய வேலையை ஒருவர் தலையில் ஏற்றி, அவரை நண்பகல் உணவுக்கும் எழவிடாமல் செய்தால், ஐந்தில் இரண்டு மீறல்கள் ஒரே நாளில் நேர்கின்றன. நள்ளிரவில் தோன்றிய கட்டளையைக் காலை ஒன்பது மணிவரை அனுப்பாமல் நிறுத்திவைக்க ஒரு மேலாளருக்குச் செலவு ஏதும் இல்லை.

சாமாயிக முறையை அறிந்த முதியோர் ஊர்தோறும் இன்னும் இருக்கின்றனர். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் வரும்போது, ஜினாலய மண்டபத்தில் ஒரு காலைப்பொழுது அவர்களோடு நின்று, அந்த 27 மூச்சுகளைச் சொல்லிக்கொடுக்க அவர்கள் முன்வர வேண்டும்.