ஏரிக்கு யார் ஓலை இடுவார்?

(ஏம்பலத்தில் நடைபெற்ற தனித்தமிழ்க் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சில திங்களுக்கு முன் வகுப்பில் குடவோலை முறையை விளக்கிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பு மாணாக்கி ஒருத்தி எழுந்து, "ஐயா, எங்கள் ஊர் ஏரிக்காக யார் ஓலை போடுவார்கள்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை; விடையும் வரவில்லை. அவ்விடையைத் தேடித்தான் இன்று உங்கள் முன் நிற்கின்றேன்.

முதலில் ஒரு சொல். 'ஓட்டு' என்னும் அயற்சொல்லை விடுத்து, 'ஒப்போலை' என்றே யான் சொல்வேன். ஒப்புதலைத் தெரிவிக்கும் ஓலை ஒப்போலை. ஓலையால் ஆளைத் தேர்ந்த மரபு நம்முடையது. ஆதலின் சொல்லும் நம்முடையதாகவே இருக்கட்டும்.

தோழர்களே! புதுவைப் பகுதியில் 84 ஏரிகள் உள்ளன என்பர். தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே நீர் பெறும் பாகூர் ஏரி அவற்றுள் பெரியவற்றில் ஒன்று. இவ்வேரிகளில் வண்டல் ஏறுகின்றது, வரத்துக்கால்கள் தூர்கின்றன. ஏரிநீர் குறையக் குறைய ஆழ்துளைக் கிணறுகள் பெருகுகின்றன. கடலோரத்தில் நன்னீர் இறங்க, உவர்நீர் உள்ளேறுகின்றது. மறுபுறம், 2024 நவம்பர் 30ஆம் நாள் வந்த பெஞ்சல் புயலில் புதுவையில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிற்று. அடுத்த சில நாள்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பக்கத்து ஊர்களைச் சூழ்ந்தது. வெள்ளத்தில் மூழ்குவதும் கோடையில் உவர்நீர் குடிப்பதும் ஒரே நிலத்துக்கு நேர்கின்றன. ஏரியைப் பேணாமைக்கு இதனினும் சான்று வேண்டுமா?

இதற்கு ஆள்வோரை மட்டும் பழிப்பது எளிது. ஆனால் ஆள் மாறியும் நிலை மாறவில்லையெனின், பழுது ஆளில் மட்டும் இல்லை. ஆளைத் தேரும் முறையிலும் உண்டு என்பதே என் கருத்து.

ஒரு தொகுதியில் ஐவர் நிற்கின்றனர் என்று கொள்வோம். நூறு ஒப்போலையில் ஒருவர் இருபத்தெட்டுப் பெறுகின்றார். மற்ற நால்வரும் எழுபத்திரண்டைப் பங்கிட்டுக்கொள்கின்றனர். இருபத்தெட்டுப் பெற்றவரே வென்றவர்! அடுத்த முறையும் அவர்க்கு அந்த இருபத்தெட்டே போதும். அவர் சாதித் தெருவையும் தமக்கு வேண்டியவரையும் நிறைவு செய்தால் போதும். ஏரியோ எல்லாத் தெருவுக்கும் பொது. இன்று தூர்வாரினால் பயன் பத்தாண்டு கழித்துத் தெரியும். தேர்தலோ ஐந்தாண்டில் வந்துவிடும். இந்நிலையில் கரையைக் காப்பவரைவிடக் கையில் பணம் கொடுப்பவரே முந்துவார்.

இம்முறை ஓர் இனத்தையே எவ்வாறு வீழ்த்தும் என்பதற்கு ஈழம் சான்று. 1956 தேர்தலில் பண்டாரநாயகாவின் கூட்டணி நூற்றுக்கு நாற்பதுக்கும் குறைவான ஒப்போலை பெற்று, 95 இடங்களில் 51ஐக் கைப்பற்றியது. எதிர்த்து நின்ற பெருங்கட்சியும் "சிங்களம் மட்டும்" என்றே போட்டியிட்டது. வெல்வதற்குத் தமிழர் ஒப்போலை இரு கட்சிக்கும் தேவைப்படவில்லை. அவ்வாண்டே சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. ஒரு தேர்தலை வெல்வதற்கு எடுத்த படைக்கலம் மூன்று தலைமுறையை எரித்தது.

நம் மண்ணின் வரலாற்றையும் பாருங்கள். பிரெஞ்சியர் இங்குத் தேர்தலைக் கொணர்ந்தனர்; ஆனால் கைப்பிடியளவு ஐரோப்பியர்க்குத் தனிப்பட்டியல் வைத்து, எண்ணிக்கைக்கு மீறிய இடம் கொடுத்தனர். 1954 அக்டோபர் 18ஆம் நாள், வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில், புதுவையின் வருங்காலம் முடிவு செய்யப்பட்டது. அன்று ஒப்போலை இட்டோர் 178 பேராளர்கள். இணைப்பை ஏற்றோர் 170, மறுத்தோர் 8. முடிவு மக்கள் விரும்பியதே ஆயினும், உழவரும் நெசவாலைத் தொழிலாளரும் நேரே கேட்கப்படவில்லை.

இன்றோ? 30 பேரை நாம் தேர்ந்தனுப்பும் சட்டமன்றத்தில், 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி மூவரை நடுவணரசு அமர்த்தலாம். அமர்த்தியது செல்லும் என 2018 திசம்பரில் உச்ச முறைமன்றமும் கூறிவிட்டது. மக்கள் ஓர் ஓலையும் இடாத மூவர்!

இவற்றினும் கொடியது ஊராட்சியின் நிலை. 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 2006இல்! முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளி. 2006இல் வந்தவர்களின் காலம் 2011இல் முடிந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடத்துக என்று அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் கட்டளையிட்டும், பத்தாண்டு வெறுமையாய்க் கழிந்தது. 2021இல் நாள் குறிக்கப்பட்டும், இடவொதுக்கீட்டுச் சிக்கலால் தேர்தல் நின்றது. 98 சிற்றூராட்சிகளும் 10 கொம்யூன் ஊராட்சிகளும் 5 நகராட்சிகளும் தாளில் உள்ளன. அவற்றில் அமரவேண்டிய மக்கள் பேராளர் இல்லையெனின், ஏரிக்கரையில் உடைப்பெடுத்தால் உழவன் யாரிடம் ஓடுவான்?

நம் முன்னோர் இதற்கு வழி கண்டனர். குடத்திலிருந்து ஓலை எடுக்கும் காட்சியை மருதன் இளநாகனார் அகநானூற்றின் 77ஆம் பாட்டில் உவமையாக வைத்துள்ளார். முதற் பராந்தகனின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தனர். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பித்தனர். ஆட்டை வாரியத்திற்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர். ஆம், ஏரிக்கெனத் தனி வாரியம்! முன் மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் வர இயலாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடத்தருகே வர இயலாது. 360 நாளில் பொறுப்பு முடிந்தது. அடுத்த முறை வெல்லவேண்டும் என்னும் கவலை இல்லாதவன் ஏரியைப் பற்றிக் கவலைப்படலாம் அன்றோ?

ஆயினும் உண்மையை மறைத்துப் பெருமை பேசுதல் தமிழ்ப்பண்பு அன்று. உத்தரமேரூர் பார்ப்பனர் ஊர். கால்வேலி நிலமும் சொந்த மனையும் ஆரிய மறைப் பயிற்சியும் உடையார்க்கே அங்குக் குடத்தில் ஓலை. ஏரியை வெட்டியவனுக்கும் மடைதிறந்தவனுக்கும் ஓலை இல்லை; பெண்ணுக்கும் இல்லை. தனித்தொகுதியாகிய ஏம்பலத்தில் நின்று இதனைச் சொல்லாமல் விடுவேனாயின் யான் ஆசிரியன் ஆகேன். குடத்தை மீட்போம்; அதன் வாயை அகலத் திறந்து மீட்போம்.

இது பழங்கதை என எள்ளுவோர் அயர்லாந்தைப் பார்க்கட்டும். 2016இல் அந்நாடு குலுக்கல் முறையில் 99 குடிமக்களைத் தேர்ந்து, ஒரு தலைவரையும் சேர்த்துக் குடிமக்கள் மன்றம் அமைத்தது. பருவநிலை மாற்றம், முதியோர் பெருக்கம் முதலிய நெடுங்காலச் சிக்கல்களை அவர்கள் ஆய்ந்து பரிந்துரை தந்தனர். ஆங்கிலத்தின் நெருக்கலில் தம் மொழியைக் காக்கப் போராடும் வேல்சு நாடு, வருங்காலத் தலைமுறைகளின் நலனுக்கென 2015இல் சட்டமே செய்தது. அதற்கென ஓர் ஆணையரையும் அமர்த்தியது. அச்சட்டத்தின் ஏழு குறிக்கோள்களுள் ஒன்றில் வேல்சு மொழி தழைத்தலும் அடங்கும். நீரையும் மொழியையும் ஒரே சட்டத்தில் காக்க அவர்க்குத் தோன்றிற்று. நமக்கு ஏன் தோன்றலாகாது?

ஆகவே மூன்று கோரிக்கைகளை உங்கள்முன் வைக்கின்றேன்.

ஒன்று: உள்ளாட்சித் தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாது நடக்கவேண்டும். வேர் இல்லாத மரத்தில் காய் தேடுதல் வீண்.

இரண்டு: ஒப்போலையில் ஒருவர்க்கு மட்டும் குறியிடாமல் முதல், இரண்டு, மூன்று என விருப்ப வரிசை இடும் முறை வேண்டும். குடியரசுத் தலைவரைத் தேர்வது இம்முறையில்தான். இதில் தம் தெருவை மட்டும் நம்பி ஒருவர் வெல்லுதல் அரிது; அடுத்த தெருவின் இரண்டாம் விருப்பத்தையும் அவர் கேட்டாகவேண்டும். அப்போது இரு தெருவுக்கும் பொதுவான ஏரி அவர் நாவில் வரும்.

மூன்று: ஒவ்வோர் ஏரிக்கும் ஏரி வாரியம். அதனைக் கட்சித் தேர்தலால் நிரப்பாமல் குடவோலையால் நிரப்புக. சேரி, ஊர், ஆண், பெண், நிலமுடையார், கூலியுழவர் என எல்லாக் குடும்பிலிருந்தும் ஓலை விழுக. ஒருமுறை இருந்தவர் உடனே மீண்டும் வாரா வகையும், கணக்கைத் தமிழில் எழுதி ஊர்மன்றத்தில் படிக்கும் கட்டாயமும் வேண்டும். 1973ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தைத் திருத்தி இதற்கு இடம் செய்க எனச் சட்டமன்றத்தை நாம் வற்புறுத்தவேண்டும்.

"குலுக்கலில் அறியாதவன் வந்துவிட்டால்?" என்பீர்கள். மடையின் இயல்பு அறியாதவன் ஏரியூரில் யார்? அறியாததைப் பொறியாளர் கற்பிக்கட்டும். பணம் கொடுத்து ஒப்போலையை வாங்கலாம். சிறுவன் கையில் எந்த ஓலை வரும் என்பதை எவன் வாங்குவான்?

அம் மாணாக்கிக்கு இன்று விடை சொல்வேன்: "மகளே, ஏரிக்கு ஓலை இடவேண்டியவர் நாங்கள். இடத் தவறினோம். நீ வளர்ந்து வருமுன் அக்குடத்தை மீட்டு வைப்போம்." இவ்வூரில் இச்சொல்லைக் காப்பாற்ற யார் யார் என்னோடு வருகின்றீர்கள்? வருவோர் இக்கூட்டம் முடிந்தபின் கோரிக்கைத் தாளில் தமிழில் கையொப்பம் இட்டுச் செல்லுங்கள். அதுவே நாம் இடும் முதல் ஓலை.

வாழ்க தமிழ்! வளர்க தமிழர் நலம்!