சோமாலியாவின் பாட்டும் நம் வகுப்பறையும்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர். என் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு மதிய உணவு வேளை. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்தான். ஒல்லியான பையன். "நல்லா சாப்பிடுடா, சோமாலியாவிலிருந்து வந்தவன் மாதிரி இருக்கே" என்றேன். அக்கறையில்தான் சொன்னேன். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். மாலைக்குள் அதுவே அவனுக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது. மறுநாள் அவன் சாப்பாட்டு வரிசைக்கே வரவில்லை.

வகுப்பில் பிள்ளைகளைக் கண்டித்தேன். ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், சோமாலியாவுல பட்டினியைத் தவிர வேற ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. 1992-இல் நானும் ஏழாம் வகுப்பு மாணவி. அந்த ஆண்டு பஞ்சத்தின்போது செய்தித்தாளில் பார்த்த எலும்பும் தோலுமான குழந்தைகளின் படம்தான் எனக்குத் தெரிந்த சோமாலியா. முப்பது ஆண்டுகளாக அதற்கு மேல் நான் எதையும் தெரிந்துகொள்ளவில்லை. அந்த மாணவிக்குப் பதில் சொல்வதற்காகத்தான் படிக்கத் தொடங்கினேன்.

சோமாலி மக்களில் பெரும்பகுதியினர் வழிவழியாக ஒட்டகமும் ஆடும் மேய்த்தவர்கள். அவர்களிடம் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பாட்டு உண்டு. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து ஒட்டகங்களுக்கு ஊற்றும்போது ஒரு பாட்டு. அதை ஒட்டகத்தைப் பார்த்தே பாடுகிறார்கள். நம் ஏற்றப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குப் பாய் முடையும்போது ஒரு பாட்டு, பால் கடையும்போது ஒரு பாட்டு. அந்தப் பாய்தான் வீட்டின் கூரை. இடம் மாறும்போது வீட்டைக் கழற்றி ஒட்டகத்தின் மேல் ஏற்றுகிறார்கள். அதற்கும் பாட்டு உண்டு.

டாந்தோ என்ற ஆட்டத்தில் ஆண்களும் பெண்களும் கைதட்டி, காலால் தரையை மிதித்து, ஒட்டகத்தின் நடையைப் போல அசைந்து ஆடுகிறார்கள். கையும் காலும்தான் முக்கியத் தாளக் கருவிகள். புரான்புர் என்பது பெண்களே இயற்றும் கவிதை வகை. திருமண வீட்டில் ஒரு பெண் கவிதை சொல்ல, மற்றவர்கள் மேளம் தட்ட, நடுவில் வந்து ஆடுவார்கள்.

மொழி ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. சோமாலிக் கவிதைக்கு மோனைதான் உயிர். ஆனால் நம்மைப் போல அடிக்கு அடி எழுத்து மாறாது. கவிதை முழுவதும் ஒரே எழுத்துதான் மோனையாக வரும். நூறு அடி என்றால் நூறு அடிக்கும் அதே எழுத்து. அதனால் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் மோனை காட்டிக்கொடுத்துவிடும். பிறர் கவிதையைச் சொல்பவர் இயற்றியவரின் பெயரையும் சொல்ல வேண்டும், சொற்களையும் மாற்றக் கூடாது. இது அங்கே மரபு. இத்தனை கட்டுப்பாடு ஏன்? சோமாலி மொழிக்கு அரசு அதிகாரபூர்வமான எழுத்துமுறையை அறிவித்ததே 1972-இல்தான். அதுவரை வரலாறு, சண்டை, சமாதானம், அறிவுரை எல்லாவற்றையும் பெரும்பாலும் மனப்பாடமாகவே காப்பாற்றினார்கள். அவர்களுக்குப் பாட்டுதான் பாடநூல்.

1974-இல் உயர்வகுப்புகளை நிறுத்திவிட்டு, எழுத்துக் கற்றுத்தர மாணவர்களையும் ஆசிரியர்களையும் மேய்ச்சல் மக்களிடம் அனுப்பினார்கள். 1988-இல் ஹர்கைசா நகரத்தின் மீது குண்டு விழுந்தபோது, வானொலி நிலையத்தின் பாட்டு ஒலிநாடாக்களை எடுத்து மண்ணுக்கடியில் புதைத்துவைத்தார்கள். உயிர் தப்பினால் போதும் என்ற நேரத்தில் பாட்டைக் காப்பாற்றியிருக்கிறார்கள். பிற்காலத்தில் அவை வெளியே எடுக்கப்பட்டு, இன்று உலகம் கேட்கிறது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் வகுப்பில், "நான் சொன்னது தவறு" என்று முதலில் அந்தப் பையனைப் பார்த்துச் சொன்னேன். பிறகு டாந்தோ காணொலியைத் திரையில் போட்டேன். இரண்டாம் நிமிடத்தில் கடைசி பெஞ்சில் தாளம் கேட்டது. தட்டியது அவன்தான். "எங்க ஆயாகூடக் களை எடுக்கறப்போ பாடும் டீச்சர்" என்றாள் ஒருத்தி. ஆளுக்கொரு வேலைப்பாட்டு கேட்டு எழுதிவரச் சொன்னேன். பாடியவர் பெயரையும் எழுத வேண்டும், சொல்லை மாற்றக் கூடாது. சோமாலியரிடம் கற்ற விதி அது. பதினொரு பாட்டுகள் வந்தன.

பட்டப்பெயர் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. இரண்டு மாதம் ஆனது. அவன் இப்போது சாப்பாட்டு வரிசையில் நிற்கிறான்.

பஞ்சத்தை மறைக்கச் சொல்லவில்லை. அது உண்மை, பாடத்தில் இருக்கட்டும். ஆனால் ஒரு நாட்டைப் பாடமாக எடுக்கும்போது, அந்த மக்கள் என்ன பாடுகிறார்கள் என்பதையும் ஒரு பத்து நிமிடம் சொல்லுங்கள். நாம் போகிறபோக்கில் சொல்லும் ஒரு சொல், ஒரு நாட்டையும் ஒரு பிள்ளையையும் சேர்த்தே சிறுமைப்படுத்திவிடும். நான் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டது இது. நீங்கள் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.